மொட்டை மாடித் தொட்டிக் கருவிக்கு ஒரு சோடியம் அயான் செல்

மேல்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வைஃபை வழியாகச் சொல்லும் கருவி ஒன்று எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓடுகிறது. இப்போது அதற்குச் சோறு போடுவது 18650 அளவில், உருளை வடிவில் உள்ள ஒரே ஒரு சோடியம் அயான் செல். ஐப்பசி அடைமழையில் அந்தச் செல் அடிமட்டம் வரை வற்றிப்போனது. வெயில் வந்ததும் யாரும் தொடாமலேயே சார்ஜ் ஏறி, கருவி மறுபடி பேசத் தொடங்கியது. லித்தியம் செல் போட்டிருந்த வருடங்களில் இதே கட்டத்தில்தான் செல் செத்துப்போகும். இந்தச் செல்லைச் சுற்றி எதையெல்லாம் மாற்ற வேண்டியிருந்தது என்பதை, அளவும் விலையும் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கருவி எளிமையானது. தொட்டிக்குள் இறங்கும் பிவிசி குழாயில் நான்கு உயரத்தில் நான்கு மிதவை சுவிட்ச். பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் இஎஸ்பி32 என்ற வைஃபை மைக்ரோகன்ட்ரோலர் பலகை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, சுவிட்சுகளைப் பார்த்து, செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். மேலே 6 வோல்ட், 1 வாட் சோலார் பேனல். முன்பு இதில் சாதாரண லித்தியம் செல்லும், எல்லோரும் வாங்கும் டிபி4056 சார்ஜர் பலகையும் இருந்தன. மழைக்காலத்தில் தொடர்ந்து மேகமூட்டம், பேனல் மேல் காய்ந்த இலை, இரண்டும் சேர்ந்தால் செல் காலி. பாதுகாப்புப் பலகை 2.4 வோல்ட்டில் துண்டித்துவிடும், உண்மைதான். ஆனால் அதன் பிறகும் சொட்டுச் சொட்டாக வடிவது நிற்காது. லித்தியம் செல்லின் எதிர்முனையில் இருப்பது தாமிரத் தகடு. செல் மிகவும் வற்றினால் அந்தத் தாமிரம் கரையத் தொடங்கும். அப்படிப்பட்ட செல்லுக்கு மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. சோடியம், அலுமினியத்தோடு கலக்காது என்பதால் சோடியம் செல்லில் இரண்டு முனையிலும் அலுமினியத் தகடுதான். சுழி வோல்ட் வரை போனாலும் பிழைக்கும் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே. எனக்கு வேண்டியதும் அந்த ஒரு குணம்தான்.

செல் ஒன்று தபால் செலவோடு ஏறக்குறைய 300 ரூபாய் ஆனது. சோதனைக்கும் சேர்த்து நான்கு வாங்கினேன். சீனத் தயாரிப்பு. 2021-ல் சீனாவின் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல் சோடியம் செல்லை அறிவித்த பிறகு இந்தப் பேச்சு பரவலானது. சில்லறையாக வாங்க முடிகிற நிலை இப்போதுதான் வந்திருக்கிறது. கையில் எடுத்தால் லித்தியம் 18650-ஐவிட லேசாக இருக்கிறது, சமையலறைத் தராசில் 37 கிராம். கூடவே வந்த தாளில் சராசரி 3.0 வோல்ட், உச்சம் 4.0, அடிமட்டம் 1.5, கொள்ளளவு 1300 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று இருந்தது. இந்த எண்கள் எல்லாச் சோடியம் செல்லுக்கும் பொருந்தாது. நேர்முனையில் அடுக்கு ஆக்சைடு, பாஸ்பேட் வகை, பிரஷ்யன் நீலம் என்று வேறு வேறு பொருள் வைத்துச் செய்கிறார்கள், அதற்கேற்ப உச்ச வோல்டேஜும் மாறும். தாள் இல்லாத செல்லை வாங்கவே வேண்டாம்.

முதலில் கொள்ளளவை அளந்தேன். பெஞ்ச் பவர் சப்ளையை 3.95 வோல்ட், அரை ஆம்பியரில் வைத்து, மின்னோட்டம் 60 மில்லி ஆம்பியருக்கு இறங்கும் வரை ஏற்றினேன். பிறகு இசட்பி2எல்3 என்ற சின்ன அளவிப் பலகையில் 7.5 ஓம் மின்தடையை மாட்டி, 1.5 வோல்ட்டில் நிற்கும்படி வைத்தேன். அந்தப் பலகையில் துண்டிப்பு வோல்டேஜை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது இங்கே பெரிய வசதி. லித்தியத்துக்கென்றே செய்த அளவிகள் 2.5-க்கு மேலேயே நின்றுவிடும். நான்கு செல்களும் 1255 முதல் 1290 எம்ஏஎச் வரை கொடுத்தன. தாளில் சொன்னதற்கு இது நெருக்கம், திருப்தி.

ஆனால் கணக்கை நேராகப் பார்க்க வேண்டும். 1300 எம்ஏஎச், 3 வோல்ட் என்றால் சுமார் 3.9 வாட் மணி. அதே அளவு 2600 எம்ஏஎச் லித்தியம் செல் 9.4 வாட் மணி தரும். பாதிகூட இல்லை. இடம் முக்கியமான கருவிக்கு இந்தச் செல் சரிப்படாது. என் பெட்டியில் இடம் நிறைய இருந்தது, அதனால் கவலைப்படவில்லை.

வடியும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜைக் குறித்து வரைபடமாகப் போட்டதில்தான் இந்தச் செல்லின் குணம் பிடிபட்டது. உச்சத்திலிருந்து 3.4-க்கு வருவதற்குள் கால் பங்கு போய்விடுகிறது. 3.4-க்கும் 2.8-க்கும் நடுவில் பாதி. மீதிக் கால் பங்கு 2.8-லிருந்து 1.5 வரை. தொடர்ந்த சரிவாக இருப்பதால், வோல்டேஜைப் பார்த்தாலே எவ்வளவு மீதம் என்று சொல்லிவிடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் இந்த வேலை நடக்காது. அது 3.2, 3.3-லேயே பெரும்பகுதி நேரமும் நின்றுவிட்டுக் கடைசியில் திடீரென்று விழும்.

அடுத்தது சார்ஜர். டிபி4056 முதலிலேயே கழிந்துவிட்டது. அது 4.2 வோல்ட் வரை ஏற்றும், அந்த அளவைக் குறைக்க வழி கிடையாது. அதோடு வரும் டிடபிள்யு01 பாதுகாப்புச் சில்லும் 4.3 வோல்ட் தாண்டினால்தான் விழிக்கும். 4.0-ல் நிற்க வேண்டிய செல்லுக்கு இரண்டாலும் காவல் இல்லை. கீழே 2.4-ல் துண்டிப்பதால் எட்டில் ஒரு பங்கு சார்ஜும் வீணாகும். நடுவில் ஒரு டையோடு போட்டு வோல்டேஜைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். டையோடின் இறக்கம் மின்னோட்டத்தைப் பொறுத்து மாறும், சார்ஜ் முடியும் நேரத்தில் மின்னோட்டம் சுருங்கச் சுருங்க அந்த இறக்கமும் சுருங்கிவிடும். உச்ச அளவை அதன் கையில் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு வோல்டேஜை இறக்கித் தரும் எம்பி1584 பக் பலகையை 4.0-க்குத் திருகி மாட்டிப் பார்த்தேன். மேசையில் நன்றாக வேலை செய்தது. பேனலோடு சேர்த்ததும் தகராறு. காலியான செல் கேட்கும் மின்னோட்டத்தை 1 வாட் பேனல் எங்கே கொடுக்கும்? பேனல் வோல்டேஜ் 4.5-க்குக் கீழே சரிகிறது, பலகை அணைகிறது. அணைந்ததும் பேனல் நிமிர்கிறது, பலகை மறுபடி எழுகிறது. மல்டிமீட்டர் முள் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்தது. நல்ல வெயிலிலும் செல்லுக்குள் போனது சொற்பம்தான்.

சரி, பேனலே அதிகபட்சம் 170 மில்லி ஆம்பியர்தான் தரும். 1300 எம்ஏஎச் செல்லுக்கு அது மிகவும் மென்மையான மின்னோட்டம், தனியாகக் கட்டுப்படுத்தத் தேவையே இல்லை. வேண்டியதெல்லாம் மேலே ஒரு கூரை. அதற்குச் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும் எல்எம்317 ரெகுலேட்டர் போதும், வோல்டேஜை ஓர் அளவில் நிறுத்திவிடும். 240 ஓம் மின்தடை ஒன்று, கீழே 470 ஓமும் 100 ஓம் பிரிசெட்டும் (திருகி மாற்றும் மின்தடை) தொடராக. செல் இல்லாமல் வெளியீட்டைச் சரியாக 4.00 வோல்ட்டுக்குத் திருகி, பிரிசெட் மேல் ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து அசையாமல் செய்துவிட்டேன். வெளியீட்டுக்கும் செல்லுக்கும் நடுவில் 1என்5819 ஷாட்கி டையோடு. இது இல்லாவிட்டால் இரவில் அந்த மின்தடைகள் வழியாகச் செல் வடியும். இங்கே டையோடின் இறக்கம் மாறினாலும் கேடில்லை. எப்படி மாறினாலும் செல் 4.00-ஐத் தாண்ட முடியாது, பிழை எல்லாம் கீழ்நோக்கித்தான். நடைமுறையில் நல்ல வெயிலில் 3.8 வரை ஏறுகிறது. பேனல் சூடாகும்போது அதன் வோல்டேஜ் குறைவதும், எல்எம்317 தனக்கென்று ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் எடுத்துக்கொள்வதும் காரணம். இந்தக் கருவி ஒரு நாளைக்குக் கேட்பது சுமார் 100 எம்ஏஎச். இரண்டு மணி நேர வெயிலுக்குள் அது வந்துவிடும்.

இனி வெளியீட்டுப் பக்கம். இஎஸ்பி32-க்கு 3.0 முதல் 3.6 வோல்ட் வேண்டும். வழக்கமான எச்டி7333 ரெகுலேட்டரைப் போட்டால் செல் 3.4-க்கு இறங்கும்போதே கருவி தடுமாறுகிறது. வரைபடத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அப்போது செல்லில் முக்கால் பங்கு மிச்சம் இருக்கிறது! லித்தியம் செல்லுக்குப் பழகிய சுற்றுகளைச் சோடியத்துக்கு அப்படியே எடுத்துவர முடியாது என்று எனக்கு உறைத்தது இங்கேதான். ஏற்றவும் இறக்கவும் தெரிந்த டிபிஎஸ்63020 பலகையை வாங்கினேன். 1.8 முதல் 5.5 வோல்ட் வரை எது கொடுத்தாலும் வெளியே 3.3. விலை 400 ரூபாய் பக்கம், இந்தக் கருவியில் இருப்பதிலேயே அதிக விலைப் பொருள். ஆனாலும் இதில் சிக்கனம் பார்க்க இடமில்லை.

அதையும் போட்ட பிறகு, செல் 2.3-க்கு வந்ததும் வைஃபை எழும் நொடியில் இஎஸ்பி32 விழுந்தது. சீரியல் திரையில் 'பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் ட்ரிகர்டு', அதாவது வோல்டேஜ் போதவில்லை, என்ற வரி திரும்பத் திரும்ப ஓடியது. முதலில் பலகையைச் சந்தேகப்பட்டேன். செல்லின் இரு முனையிலும், பலகையின் நுழைவிலும் ஒரே நேரத்தில் அளந்தபோது குற்றவாளி வேறு என்று தெரிந்தது. செல்லின் உள்தடை 20 மில்லி ஓம்கூட இல்லை. 20 ரூபாய் பிளாஸ்டிக் ஹோல்டரின் சுருள்வில்லும் அதன் மெல்லிய வயரும் சேர்ந்து 200 மில்லி ஓம் இருந்தன. 3.3 வோல்ட்டில் 350 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால், 2.2 வோல்ட் செல்லிலிருந்து பலகை 650 மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டும். உள்ளே வரும் வோல்டேஜ் குறையக் குறைய இழுக்கும் மின்னோட்டம் கூடும், கூடினால் ஹோல்டரில் இன்னும் கொஞ்சம் போகும். லித்தியம் செல் வழக்கமாக 3 வோல்ட்டுக்குக் கீழே போகாததால் இந்த ஹோல்டர் இத்தனை நாள் மாட்டாமல் தப்பித்திருக்கிறது.

ஹோல்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்யப் பக்கத்து பேட்டரிக் கடைக்குப் போனேன். மின்சார ஸ்கூட்டருக்குப் பேக் கட்டுகிறவர். வெல்டிங்குக்கு முன்னால் செல் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, பழக்க தோஷத்தில் தன் சார்ஜரில் செருகப் போனார். "அண்ணே, இது லித்தியம் இல்ல, சோடியம். அதுல போட்டுறாதீங்க" என்று கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அளவு ஒண்ணுதானே, எப்படித் தம்பி வித்தியாசம் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. வீட்டுக்கு வந்ததும் நான்கு செல்களுக்கும் சிவப்பு ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டு, மேலே மார்க்கரால் 'சோடியம், 4.0-க்கு மேல் கூடாது' என்று எழுதினேன். டார்ச்சும் டிரிம்மரும் புழங்கும் வீட்டில் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது. சோடியம் செல் தீப்பிடிக்காது என்று விளம்பரங்களைப் பார்த்து நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது லித்தியம் செல்லில் உள்ளதைப் போன்ற எரியக்கூடிய கரைப்பான்தான். அளவுக்கு மீறி ஏற்றினாலும், முனைகளை நேரடியாக இணைத்தாலும் ஆபத்து உண்டு. என் சுற்றில் செல்லின் நேர்முனையை ஒட்டியே 2 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்திருக்கிறேன்.

நிக்கல் பட்டை, தடிமனான வயர், பலகையின் நுழைவில் 1000, வெளியீட்டில் 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். இவ்வளவும் ஆன பிறகு 2.0 வோல்ட் வரை இஎஸ்பி32 விழவில்லை. இஎஸ்பி32 பலகையில் இருந்த ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டரையும் மின்விளக்கையும் பிடுங்கிவிட்டு, 3.3 வோல்ட் காலில் நேரடியாகக் கொடுத்தேன். தூங்கும் நேரத்தில் வீணாகும் மில்லி ஆம்பியர்கள் இவற்றால்தான். ரூட்டரிடம் ஒவ்வொரு முறையும் முகவரி கேட்காமல் நிலையான ஐபி கொடுத்ததில் விழித்திருக்கும் நேரமும் நன்றாகக் குறைந்தது.

மீதம் எவ்வளவு என்று காட்ட 470 கிலோ ஓம் மின்தடை இரண்டு, 100 நானோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். செல் வோல்டேஜின் பாதி, இஎஸ்பி32-இல் வோல்டேஜை அளக்கும் ஏடிசி காலுக்குப் போகிறது, என் வரைபடத்திலிருந்து எடுத்த ஒரு சின்ன அட்டவணையைப் பார்த்து நிரல் சதவீதம் சொல்கிறது. 3.1 என்றால் பாதி, 2.8 என்றால் கால். வைஃபை எழுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண் குறைவாகக் காட்டும்.

இதற்கு நடுவில் ஒரு செல்லைத் தனியே எடுத்து, சுழி வோல்ட் சங்கதியைச் சோதித்தேன். 10 ஓம் மின்தடையை முனைகளில் மாட்டி முழுவதும் வடியவிட்டு, மல்டிமீட்டர் சுழிக்கு அருகே வந்ததும் அதே மின்தடையோடு மேசை இழுப்பறையில் போட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. பிறகு 100 மில்லி ஆம்பியரில் 2 வோல்ட் வரை மெதுவாக ஏற்றி, அதற்குப் பின் வழக்கம்போல முழு சார்ஜ். முன்பு 1265 எம்ஏஎச் கொடுத்த செல் 1250 கொடுத்தது. வீங்கவில்லை, சுடவில்லை, உள்தடையும் மாறவில்லை. வேலையாகவே தினமும் சுழிக்கு இறக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தாளில் 1.5 என்று இருக்கிறது, அதை மதிக்கிறேன். விபத்தாக ஒருமுறை போனால் செல்லைக் குப்பையில் போட வேண்டியதில்லை, எனக்கு அது போதும்.

மழையில் நடந்ததும் அதேதான். ஆனால் முதல் தடவை கருவி எழுந்த விதம் சரியில்லை. மேகத்தின் ஊடே கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் செல் 1.8-ஐத் தாண்டுகிறது, இஎஸ்பி32 எழுந்து வைஃபையைத் தேடுகிறது, வந்த சொட்டு சார்ஜும் அதில் தீர்ந்து மறுபடி விழுகிறது. பகல் முழுக்க இப்படியே. நிரலில் இரண்டு வரி சேர்த்ததும் தீர்ந்தது. எழுந்தவுடன் முதல் வேலை செல்லை அளப்பது. 2.6-க்குக் கீழே என்றால் வைஃபையைத் தொடாமல் ஒரு மணி நேரம் தூங்கப் போவது. அடுத்த மழையில் வெயில் தலைகாட்டிய நாளே 2.6-ஐத் தாண்டி, தானாகச் செய்தி அனுப்பியது.

வெப்பம் பற்றியும் ஒன்று. சித்திரை வெயிலில் தொட்டி மூடியின் மேல் இருந்த கறுப்புப் பெட்டிக்குள் 58 டிகிரி காட்டியது. தாளில் சார்ஜ் ஏற்ற அனுமதித்திருப்பது 45 வரை. பெட்டியைத் தொட்டியின் வடக்குப் பக்க நிழலுக்கு இறக்கி, வெள்ளை பெயின்ட் அடித்ததும் 41-க்கு வந்தது. பேனல் மட்டும் மேலே வெயிலில் இருக்கிறது. கடுங்குளிரிலும் ஓடும் என்பது சோடியம் செல்லின் பெரிய பெருமை. நம் ஊருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை, நமக்குக் கவலை சூடுதான்.

மொத்தச் செலவு: செல் 300, டிபிஎஸ்63020 பலகை 400, இஎஸ்பி32 380, பேனல் 180, பெட்டி 120, எல்எம்317 முதல் கெபாசிட்டர் வரை சில்லறைச் சாமான் 100, வெல்டிங் 20. மிதவை சுவிட்சுகள் பழைய கருவியிலிருந்து எடுத்தவை. ஆக 1500 ரூபாய். லித்தியத்தில் இதே கருவி 1000 ரூபாய்க்குள் முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் ஒரு செல் மாற்ற ஏணியில் ஏற வேண்டும்.

அடுத்த முறை செய்தால் இரண்டு செல்லை இணையாக வைப்பேன். இப்போது வெயிலே இல்லாமல் பன்னிரண்டு நாள் வரை தாங்கும் என்று கணக்கு, அடைமழைக்கு அது ஓரளவுதான். எல்எம்317-க்குப் பதில் மிக்29302 மாதிரி குறைந்த இறக்கம் உள்ள ரெகுலேட்டர் போட்டால் செல் 4.0-க்கு இன்னும் நெருங்கும். யுஎஸ்பியில் சார்ஜ் ஏற்றும் வீட்டுக் கருவி என்றால் டிபி5000 பலகையை லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கான 3.6 வோல்ட் நிலையில் வைத்தே பயன்படுத்துவேன். 3.6-லிருந்து அளந்ததில் ஆறில் ஐந்து பங்கு கொள்ளளவு கிடைத்தது, மேலே ஏற்றிவிடும் பயமும் இல்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் நல்ல வழி. வைஃபை தேவைப்படாத வேலைக்கு ஏட்மெகா328பி மைக்ரோகன்ட்ரோலர் சில்லை 4 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டு, அதன் பிரவுன்அவுட் ஃப்யூஸ் என்ற உள்ளமைப்பை 1.8-க்கு வைத்தால் ரெகுலேட்டரே வேண்டாம். 4.0-லிருந்து 1.8 வரை செல்லை நேராக மாட்டிக்கொள்ளலாம். மாடித் தோட்டத்து மண் ஈரத்தைக் குறித்து வைக்கும் கருவி ஒன்றை இப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். செல் வெல்டிங் முடிந்துவிட்டது, ஈர உணரிக்கு வோல்டேஜ் மாறும்போது அளவும் மாறுவதை எப்படிச் சரிக்கட்டுவது என்பதில் இப்போது வேலை நடக்கிறது.